முதலாம் தரத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும், தேர்வாவதற்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டிய இலங்கை மலையகப் பிள்ளைகளின் படங்களைத் தங்கள் நாளிதழ் தாராளமாக இடம் ஒதுக்கி வெளியிட்டு வருகிறது. அந்தப் பக்கங்களைக் கத்தரித்து வகுப்பறை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் நான் ஒட்டிவைத்த காலம் உண்டு. அவற்றில் சில முகங்கள் என் வகுப்பில் இருந்தவை. மஸ்கெலியாப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 15 ஆண்டுகள் ஐந்தாம் தரத்தைக் கற்பித்தவள் என்ற முறையில், அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும் அவர்களுடைய பெற்றோர் பட்ட பாட்டையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதிபரிடம் நானே கேட்டு முதலாம் தரத்துக்கு மாறிக்கொண்டேன். ஏன் மாறினேன் என்பதையும் மாறிய பின் கண்டவற்றையும் என்னைப் போன்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியர்களுக்கும் தோட்டத்துப் பெற்றோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2024இல் என்னிடம் ஐந்தாம் தரத்துக்கு வந்தவர்கள் 2020 ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகள். அவர்கள் பென்சில் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தபோதே, மார்ச் நடுப்பகுதியில், கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நகரத்துப் பிள்ளைகளுக்கு சூம் வழியாகப் பாடம் நடந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயன்களிலோ கைப்பேசி கொழும்பில் கடையில் வேலை செய்யும் தகப்பனிடமோ அண்ணனிடமோ இருந்தது. கைப்பேசி இருந்த வீட்டிலும் சிக்னல் கிடைக்க மேல் லயத்துக்குப் பின்னால் உள்ள பாறைக்கு ஏற வேண்டியிருந்தது. செயலட்டைகளை வட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தோம். பயனில்லை என்று கண்டு, கையால் எழுதி லயன் லயனாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிலிருந்து எழும்பும் முன்னரே 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடவில்லை, தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் வரவில்லை, வெறும் வயிற்றோடு பிள்ளைகளை அனுப்ப மனமின்றித் தாய்மார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

2024 பெப்ரவரியில் வகுப்புத் தொடங்கிய முதல் வாரத்தில், 23 பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக என் மேசைக்கு அழைத்து, இரண்டாம் தரத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். 9 பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவர்களில் ஒரு மாணவன் எங்கும் தடங்காமல், ஏற்ற இறக்கத்தோடு, முழுப் பக்கத்தையும் சொல்லி முடித்தான். ஆனால் வாய் சொன்ன சொல் ஒன்றாகவும் விரல் தொட்ட சொல் வேறாகவும் இருந்தன. ஐயம் கொண்டு, அதே பக்கத்திலிருந்த ஒரு வாக்கியத்தை வெறுந்தாளில் எழுதி நீட்டினேன். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். படத்தைக் கொண்டு பக்கத்தை அடையாளம் கண்டு, அக்காள் வாசிக்கக் கேட்டு மனனம் செய்ததை அவன் ஒப்புவித்திருக்கிறான். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பது நான்கு ஆண்டுகளாக எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அவ்வளவு நீண்ட பகுதியை ஒரு சொல் பிசகாமல் நினைவில் வைத்திருக்கும் பிள்ளையை மந்தமானவன் என்று எந்த வாயால் சொல்வது?

செப்டெம்பரில் பரீட்சை. இரண்டு வினாத்தாள்கள். வினாவை வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்த இரண்டு தாள்களும் வெறும் கோடுகளே. பாடசாலை முடிந்த பின் அந்த 9 பேரையும் இருத்தி முதலாம் தரத்து எழுத்துகளிலிருந்து தொடங்கினேன். ஆண்டு முடிவதற்குள் 6 பேர் சிறு வாக்கியங்களை வாசித்தார்கள். மூவருக்கு அதுவும் கைகூடவில்லை. அந்த மூவரையும் ஆறாம் தரத்துக்கு அனுப்பியபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

தொற்றின் மீது பழியைப் போட்டுவிட்டு நான் ஆறுதல் அடைந்திருக்கலாம். ஆனால் உண்மை அதுவன்று. தொற்றுக்கு முந்திய ஆண்டுகளிலும் என் வகுப்பின் பின்வரிசையில் மூன்று நான்கு பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள். மாதிரி வினாத்தாள்களைச் செய்விக்கும் அவசரத்தில், வெட்டுப்புள்ளியை எட்டக்கூடியவர்களை முன்னே இருத்தி, மற்றவர்களுக்குப் பார்த்தெழுத ஏதேனும் கொடுத்துவிட்டு நான் நகர்ந்திருக்கிறேன். திறமையுள்ள ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காக 1940களில் இந்தப் பரீட்சை ஏற்படுத்தப்பட்டது. நோக்கம் மிக நல்லது. இன்றோ மூன்றாம் தரத்திலேயே பிரத்தியேக வகுப்புத் தொடங்குகிறது. நாட்சம்பளத்தில் வாழும் தாய் அதற்கும் பணம் கட்டுகிறார். வாசிப்பு நிலைபெறாத பிள்ளைக்கு அந்தப் பணத்தால் ஒன்றும் ஆவதில்லை. ஐந்தாம் தரத்தில் நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை முதலாம், இரண்டாம் தரங்களிலேயே முடிவாகிவிட்டவை என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் அந்த முதல் இரண்டு ஆண்டுகளை யாரிடம் ஒப்படைக்கிறோம்? ஒரு பாடசாலையில் அனுபவம் மிக்க ஆசிரியர் ஐந்தாம் தரத்துக்குப் போவார். அங்கேதான் பெறுபேறு எண்ணப்படுகிறது. புதிதாக நியமனம் பெற்று வந்தவருக்கு முதலாம் தரம். அவர் பிள்ளைகளின் பெயர்களை மனதில் பதித்துக்கொள்வதற்குள் இடமாற்றமோ பிரசவ விடுமுறையோ வரும். பதிலுக்கு ஆள் வருவதில்லை. பக்கத்து வகுப்போடு பிள்ளைகள் சேர்க்கப்படுவார்கள். புதியவர்களை நான் குறை சொல்லவில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து நானும் அவ்வாறே வந்தவள். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று அங்கே கற்றவை யாவும் சரியானவை. எனினும் ஒரு பிள்ளை ஏன் ஒரு சொல்லில் தடங்குகிறது என்பதைச் செவியால் பிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தச் செவி எந்த வகுப்புக்கு மிக அதிகமாகத் தேவையோ அங்கே அது இருப்பதில்லை.

முதலாம் தரத்தில் என் முதல் வாரத்திலேயே நான் ஒரு பாடம் படித்தேன். மலையின் படமொன்றைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. "மலை" என்று நானே சொன்னதும் ஒரு சிறுமி எழுந்து, "இல்ல டீச்சர், மலையில அம்மா இருக்கணும், கொழுந்து இருக்கணும்" என்றாள். தோட்டத்தில் மலை என்றால் வேலைத்தளம். "அம்மா நாலாம் நம்பர் மலைக்குப் போயிருக்கிறார்" என்பது அந்தப் பிள்ளையின் அன்றாட வாக்கியம். நானும் கொழுந்து பறித்த தாயின் மகள்தான். லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள்தான். இருந்தும் ஆசிரியை ஆன பிறகு அந்த மலையை மறந்து பாடநூலின் மலையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்திருக்கிறேன். பிள்ளை பேசாமல் இருந்தது அறியாமையால் அன்று. தான் அறிந்ததற்கு அங்கே இடமில்லை என்று அது நினைத்ததால்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் ஐந்தாறு பிள்ளைகள் தங்கள் வீட்டுச் செய்தியை ஆளுக்கொரு வாக்கியமாகச் சொல்ல, அவர்கள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுகிறேன். படங்கு (வேலையின்போது உடலில் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி), கூடை, மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), பிள்ளைக்காம்பரா (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) என்று அவர்களுடைய சொற்கள் யாவும் பலகைக்கு வருகின்றன. தன் வாயிலிருந்து வந்த சொல்லை எழுத்தாகக் காணும்போது, இந்தக் கோடுகள் பேச்சைத்தான் சுமக்கின்றன என்பது பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. அது விளங்காதவரை எழுத்துப் பயிற்சி வெறும் சித்திர வேலைதான். சக ஆசிரியர்கள் சிலர் இதைக் கொச்சைத் தமிழ் என்று கடிந்தார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. செம்மையான எழுத்துத் தமிழைப் பிள்ளைகள் கட்டாயம் பெற வேண்டும், அது அவர்களுடைய உரிமை. இரண்டாம் தவணையிலிருந்து பலகையில் ஒரே செய்தியை இரண்டு வரிகளாக எழுதுகிறேன்: "அம்மா மலைக்கி போச்சி" என்பதன் கீழே "அம்மா மலைக்குப் போனார்". இது வீட்டில் பேசுவது, இது புத்தகத்தில் எழுதுவது என்று ஆறு வயதுப் பிள்ளைகள் தாமே பிரித்துச் சொல்கிறார்கள். வீட்டுத் தமிழை வாசலில் நிறுத்திவைத்தால் பிள்ளையும் அதனோடு சேர்ந்து வாசலில்தான் நிற்கும்.

எழுத்தைக் கற்பிக்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். 247 எழுத்துகளும் நிறைந்த அட்டவணையைச் சுவரில் தொங்கவிட்டு, 'க, கா, கி, கீ' என்று கூட்டமாக ராகம் போட்டுச் சொல்லவைப்பதே பல வகுப்புகளின் வழக்கம். வெளியில் நின்று கேட்பவருக்கு வகுப்பு நன்றாக நடப்பதாகவே தோன்றும். ஆனால் நடுவில் உள்ள 'கு'வை மட்டும் தொட்டுக் காட்டினால், 'க'விலிருந்து ஓதிக்கொண்டே வந்துதான் பிள்ளை அதை அடைகிறது. உகர வரிசை எங்கள் எழுத்துகளில் மிகக் கடினமானது. கு, சு, டு, மு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. கொம்பு இன்னொரு சிக்கல். ஒலிக்கும்போது மெய் முன்னும் உயிர் பின்னுமாக வருகிறது, எழுதும்போதோ 'கெ'யில் கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ'வில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக உயிரின் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துவரும் பிள்ளை அங்கே தடுமாறுவது அதன் குற்றமன்று. ஆகவே ட, ப, ம, ர போன்ற சில எழுத்துகளை மட்டும் எடுத்து படம், பட்டம், மரம், மட்டம் என்று உடனே சொற்களை வாசிக்கவைத்து, கொம்பையும் உகரத்தையும் நிதானமாகப் பின்னர் கொண்டுவருகிறேன். அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. ஆனால் ஓதவைப்பதை நிறுத்திவிட்டேன்.

குறில் நெடில் வேறுபாட்டை எனக்குத் தீர்த்துத் தந்தவன் ஒரு மாணவன். 'கல்' என்பதையும் 'கால்' என்பதையும் அவன் ஒன்றுபோலவே வாசிப்பான். 'படம்' 'பாடம்' ஆகும், 'பாடம்' 'படம்' ஆகும். மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்தில் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது, அவன் தகப்பனுக்கு அருகில் நின்று சிறிய தப்புப் பறை ஒன்றைத் தாளம் பிசகாமல் அடிப்பதைக் கண்டேன். மறுநாள் வகுப்பில், 'க'வுக்கு ஓர் அடி, 'கா'வுக்கு ஓர் அடி அடித்து அதே நேரம் காத்திருத்தல் என்று மேசையில் தட்டச் சொன்னேன். ஒரு மாத்திரையும் இரண்டு மாத்திரையும் அவன் கையில் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கு எழுத்தைப் பொருத்த வேண்டியது மட்டுமே மீதி. இரண்டு வாரங்களில் அவன் தெளிந்தான், அவனைப் பார்த்து மற்றவர்களும் தட்டத் தொடங்கினார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தை இமை மூடாமல் பார்த்து, பாட்டுகளை நினைவில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்று நாம் எழுதும் முன்னேற்ற அறிக்கைகளை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

கணிதத்திலும் இதே கதைதான். பிள்ளைகள் குறைவானதால் எங்கள் பாடசாலையில் முதலாம், இரண்டாம் தரங்கள் கூட்டு வகுப்பாக நடக்கின்றன. இரண்டாம் தரத்துச் சிறுமி ஒருத்தி தாளில் எழுதிய கழித்தல் கணக்கைத் தொடமாட்டாள். அம்மா எத்தனை கிலோ பறித்தார் என்று கேட்டால், "19 கிலோ, மடுவத்துல 2 கிலோ கழிச்சிட்டாங்க, 17 தான் போட்டாங்க" என்று கண் இமைப்பதற்குள் சொல்வாள். கழிக்கப்படும் அந்தக் கிலோக்களைப் பற்றிய வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவள் கழித்தலைக் கற்றிருக்கிறாள். அந்த நிறுவையின் நியாயம் வேறொரு கடிதத்துக்குரியது. ஆனால் அவளுடைய கணக்கை அவள் சொன்னபடியே கூடையும் தராசுமாக வரைந்து, பக்கத்தில் இலக்கங்களை எழுதிய பின் அவள் தாளுக்குப் பயப்படவில்லை.

கட்டடம் பற்றிப் பலர் எழுதியிருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பழைய தோட்டப் பாடசாலைகள் பல ஒரே நீண்ட மண்டபமாக இருப்பவை. வகுப்புகளுக்கு இடையில் சுவர் இல்லை, ஓர் அலுமாரியோ துணித்திரையோதான். ஜூன், ஜூலை மழையில் தகரக் கூரை அதிரும்போது, பனி உள்ளே இறங்கிப் பலகை மங்கும்போது, பக்கத்தில் ஐந்தாம் தரம் வாய்ப்பாடு ஓதும்போது, 'ல'கரத்துக்கும் 'ள'கரத்துக்கும் உள்ள வேறுபாடு ஆறு வயதுப் பிள்ளையின் காதுக்கு எப்படி எட்டும்? மண்டபத்தின் அமைதியான மூலையை, வெளிச்சமுள்ள யன்னலோரத்தை, முதலாம் தரத்துக்குக் கொடுப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. எங்கள் அதிபர் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தார்.

என் தாயார் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையை 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகங்களின் மீது சுமத்தியது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனையும் பெறவில்லை. 1970களில்தான் அவற்றை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதற்கு முந்திய காலத்தில், ஓர் அறையும் ஒரே ஒரு வாத்தியாருமாக இருந்த பாடசாலையில் என் தாயார் மணலில் விரலால் எழுதிப் படித்தார். அந்த வாத்தியார் பல ஆண்டுகள் அதே இடத்தில் இருந்து, புதிதாக வரும் பிள்ளைகளைத் தம் பக்கத்தில் இருத்தி, எழுத்து நிலைக்கும்வரை விடமாட்டாராம். தாயார் பத்து வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்டார். ஆனால் கற்ற எழுத்து அவரைவிட்டுப் போகவில்லை. இன்றும் தங்கள் நாளிதழை விரல் வைத்து, உதடு அசைய, மெதுவாக வாசிக்கிறார். இத்தனை நூல்களும் செயலட்டைகளும் வழிகாட்டிகளும் உள்ள காலத்தில், ஐந்து ஆண்டுகள் எங்களிடம் இருந்துவிட்டு என் தாயார் அளவுக்கும் வாசிக்க முடியாமல் ஒரு பிள்ளை வெளியேறுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே அதிபர்களை வேண்டிக்கொள்கிறேன்: முதலாம் தரத்துக்குத் தங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஆசிரியரைத் தாருங்கள், அவரே அதே பிள்ளைகளோடு இரண்டாம் தரத்துக்கும் செல்லட்டும். வலயக் கல்விப் பணிமனைகள் இரண்டாம் தர முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே, முன்பின் பாராத ஒரு பந்தியை வாசிக்கவைத்துக் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும், புள்ளியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், வாசிக்க முடியாத பிள்ளை யார் என்று தெரிந்தால் போதும். அவ்வாறு தெரிந்த பிள்ளைக்கு மூன்றாம் தரத்தில் பாடசாலை நேரத்திலேயே உதவி கிடைக்க வேண்டும். பெற்றோரே, வாசிக்கத் தெரியாதவர் என்று நீங்கள் ஒதுங்க வேண்டாம். இரவு அடுப்படியில் இருக்கும்போது பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அம்மாயி சொல்லும் கதையைக் கேட்கவிடுங்கள், பிரத்தியேக வகுப்புக்குக் கட்டும் பணத்தில் மாதம் ஒரு முறை ஒரு சிறுவர் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. புலமைப்பரிசில் படங்களை நிறுத்துங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அவற்றோடு, வாரத்தில் ஒரு நாள் சிறுவர் பகுதியில் கையகல இடத்தை முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளின் சொந்த வாக்கியங்களுக்கு ஒதுக்குங்கள். பெரியவர்கள் எழுதிக்கொடுத்த கவிதைகள் வேண்டாம். பிள்ளை சொன்ன வாக்கியம், எழுத்துப்பிழை மட்டும் திருத்தி. தன் வாக்கியம் அச்சில் வந்த நாளிதழை ஒரு பிள்ளை எத்தனை முறை வாசிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். தொடக்கமாக என் வகுப்பிலிருந்து மூன்றை இங்கே எழுதுகிறேன், இடமிருந்தால் பிரசுரிக்கவும்.

எங்க அம்மாயி மழையில படங்கு கட்டிக்கிட்டு மலைக்கி போச்சி.

பணிய லயத்து நாய் நாலு குட்டி போட்டுச்சி, ஒன்னு மட்டும் கருப்பு.

எங்க அப்பா கொழும்புல இருந்து தீவாளிக்கி வருவாரு, நான் அவருக்கு வாசிச்சி காட்டுவேன்.

இங்ஙனம்,
ஆரம்பப்பிரிவு ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா.